பதினொன்றாம் இடத்துக்குப் பின்னால் ஓடிவருவோருக்கு ஒரு திறந்த மடல்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் காவல் பணிக்கும் படைப்பணிக்கும் உடல்தகுதித் தேர்வை எதிர்நோக்கிப் பயிற்சி செய்துவரும் இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும், அவர்களைப் பயிற்றுவிக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,



தேர்வு நாளுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே, உள்ளூரில் நடக்கும் ஏதேனும் ஒரு சாலையோட்டப் போட்டியில் இறங்கி முழு மூச்சுடன் ஓடி, அதில் கிடைக்கும் நேரத்தைக் கொண்டு இன்றைய உடல்தகுதியை அளந்துகொள்ள வேண்டும் என்பதே இம்மடல் உங்கள் முன் வைக்கும் கருத்து. பரிசு வாங்குவதற்காக அன்று. பரிசுக்கு வாய்ப்பே இல்லாதவருக்குத்தான் இந்த ஓட்டம் மிகுதியும் பயன்படும். மேடையேறும் முதல் பத்துப் பேருக்குத் தம் நிலை ஏறத்தாழ முன்பே தெரிந்திருக்கும். பதினொன்றாம் இடத்திலிருந்து கடைசி இடம்வரை வருபவர்களுக்கே தாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும் ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. அவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் கிடைக்காமலும் போகிறது.

தேர்வர்கள் 'பிசிக்கல்' என்று சுருக்கமாகச் சொல்லும் தேர்வுகள் எல்லாம் ஒரே அளவைக் கேட்பதில்லை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள்ளும் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள்ளும் ஓடி முடித்தாக வேண்டும். அதில் தேறியவர்களே கயிறேறுதல், தாண்டுதல் முதலிய திறன் போட்டிகளுக்குச் செல்கிறார்கள். துணை ராணுவப் படைகளுக்கு ஆளெடுக்கும் மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பொதுப்பணி (ஜி.டி.) காவலர் தேர்வு ஆண்களிடம் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்திலும், பெண்களிடம் 1.6 கிலோமீட்டரை 8 நிமிடம் 30 விநாடியிலும் எதிர்பார்க்கிறது. ராணுவத்தின் அக்னிவீர் ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்கும் ஆண்களுக்கே அந்த ஓட்டத்துக்குரிய முழு மதிப்பெண்ணான 60 கிடைக்கிறது. விதிகள் ஆண்டுக்காண்டு திருத்தப்படுவதால் அந்தந்த அறிவிப்பைப் பார்த்து இவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்றாலும், மூன்று தேர்வுகளும் மூன்று வெவ்வேறு உயரங்களில் இருப்பதையும், அவற்றுள் எது தனக்கு எட்டும் தொலைவில் உள்ளது என்று அறியாமலேயே பலர் மூன்றுக்கும் விண்ணப்பித்துவிடுவதையும் இங்கே கருத வேண்டும்.

தன் நிலையை அறிய இன்று பெரும்பாலோர் கையாளும் வழி, விடியற்காலையில் பள்ளி அல்லது கல்லூரித் திடலுக்குச் சென்று, கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, 1500 மீட்டரை முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பதாகும். இதில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, அளந்து கோடு போடப்பட்ட 400 மீட்டர் தடகளப் பாதையில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. ஆனால் கால்பந்துக் கம்பத்தையும் வேப்பமரத்தையும் எல்லையாகக் கொண்ட திடலில் ஒரு சுற்று 360 மீட்டரா 420 மீட்டரா என்பது எவருக்கும் தெரியாது, தெரியாத தூரத்துக்கு எடுத்த நேரம் எதையும் நிறுவுவதும் இல்லை. இரண்டாவது, நேற்று முழு வேகத்தில் ஓடிய கால்களே இன்றும் ஓடுவதால், திறன் வளர்ந்திருந்தாலும் களைப்பு அதை மறைத்துவிடுகிறது. நேரம் குறையவில்லையே என்ற கவலையில் நாளையும் அதே ஓட்டம் தொடர்கிறது. அன்றாடம் தேர்வு எழுதிக்கொண்டே இருக்கும் மாணவனுக்குப் பாடம் படிக்க நேரம் இராது என்பது இதற்கும் பொருந்தும். கடின உழைப்புக்கும் அடுத்த கடின உழைப்புக்கும் இடையில் உள்ள ஓய்வில்தான் உடல் வலுப்பெறுகிறது. மூன்றாவது குறை மனம் சார்ந்தது. தொடங்கும் நேரத்தைத் தானே தீர்மானிக்கும்போதும், சரியாக வராவிட்டால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் உள்ளே இருக்கும்போதும், மூச்சு முட்டும் கடைசிக் கட்டத்தில் கால் தானாகவே தளர்ந்துகொடுக்கும்.

பாதை சரியாக அளக்கப்பட்டிருந்தால், போட்டி இந்த மூன்றையும் ஒரே நாளில் நீக்கிவிடுகிறது. நாளும் நேரமும் பிறர் குறித்தவை. பக்கத்தில் நிற்பவர்கள் அறிமுகமில்லாதவர்கள். தொடக்கக் குறி ஒருமுறைதான் தரப்படும். ஆள்சேர்ப்பு முகாமில் காத்திருக்கும் சூழ்நிலையும் ஏறத்தாழ இதுவே: அதிகாலை விழிப்பு, நீண்ட வரிசை, மார்பில் குத்திய எண், வயிற்றில் ஒரு பதற்றம். அந்தப் பதற்றத்தோடு ஓடும்போது தன் உடல் என்ன செய்கிறது என்பதை வேலைவாய்ப்பு தொங்கிக்கொண்டிராத ஒரு நாளில் தெரிந்துகொள்வது சிறிய ஆதாயமன்று.

இதற்கு ஏற்ற போட்டி தொலைவில் இல்லை. 1992இல் உருவாக்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளான செப்டம்பர் 15ஐ ஒட்டி, அண்மை ஆண்டுகளில் மாவட்டந்தோறும் நெடுந்தூர ஓட்டப்போட்டியை நடத்திவருகிறது. 17 முதல் 25 வயது வரையுள்ள ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், அதற்கு மேற்பட்ட ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு இரு பிரிவிலும் 5 கிலோமீட்டர் என்பது அதன் அமைப்பு. முதல் பரிசு 5,000 ரூபாயில் தொடங்கி, நான்காம் இடத்திலிருந்து பத்தாம் இடம்வரை தலா 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. மறுநாள் செய்தியில் வருவதும் இந்தப் பரிசுக்குரியோரின் பெயர்களே. பத்தாம் இடத்துக்கு அப்பால் வந்தவர் தன் கைக்கடிகாரத்தைத் தானே பார்த்துக் குறித்துவைத்திருந்தாலொழிய, அன்றைய உழைப்பிலிருந்து எந்த எண்ணையும் வீட்டுக்குக் கொண்டுசெல்வதில்லை. ஆயினும் அவருக்கு அன்று கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பயன் அந்த எண்தான்.

1500 மீட்டர் ஓட வேண்டியவர் 8 கிலோமீட்டர் ஓடித் தன்னை அளப்பது பொருந்துமா என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. ஒரு நிமிடத்துக்குள் முடியும் விரைவோட்டத்தில் தசைகள் பெரும்பாலும் ஆக்சிஜனை எதிர்பாராமல் ஆற்றலைத் திரட்டிக்கொள்கின்றன. ஆனால் ஐந்து, ஆறு நிமிடங்களுக்கு மேல் நீளும் எந்த ஓட்டத்திலும் ஆற்றலின் பெரும்பகுதி ஆக்சிஜனைக் கொண்டே உண்டாகிறது. ஆகவே 7 நிமிட ஓட்டத்துக்கும் 40 நிமிட ஓட்டத்துக்கும் அடித்தளம் ஒன்றே. அந்த அடித்தளத்தை உடலியலாளர்கள் மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார்கள். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நிமிடத்தில் உடல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் மேல்வரம்பு, ஆக்சிஜன் உச்சம் எனப்படும். வேகம் கூடக் கூடத் தசைகளில் உண்டாகும் லாக்டேட் என்னும் பொருள், உடல் அதை அகற்றும் வேகத்தை விஞ்சி இரத்தத்தில் சேரத் தொடங்கும் கட்டம் லாக்டேட் எல்லை. தேர்ந்த ஓட்டக்காரர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் இதுவே. ஒரே வேகத்தில் ஓடும் இருவருள் குறைந்த ஆக்சிஜனைச் செலவிடுபவரிடம் இருப்பது ஓட்டச் சிக்கனம். ஆய்வகத்தில் முகமூடி மாட்டி, ஓடுபட்டையில் ஏற்றித் தனித்தனியே அளக்க வேண்டிய இம்மூன்றும், அளந்த சாலையில் நேர்மையாக ஓடிய ஒரு போட்டியின் நேரத்துக்குள் ஒன்றாக அடங்கியிருக்கின்றன.

ஓட்டத்தைக் கொண்டே உடல்தகுதியை அளக்கலாம் என்பதை உலகறியச் செய்தவர் அமெரிக்க விமானப் படையின் மருத்துவர் கென்னத் கூப்பர். 12 நிமிடத்தில் ஒருவர் ஓடிக் கடக்கும் தூரத்தை மட்டும் வைத்து அவருடைய ஆக்சிஜன் உச்சத்தைக் கணிக்கும் முறையை அவர் 1968இல் வெளியிட்டார்; மீட்டரில் அளந்த தூரத்திலிருந்து 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 12 நிமிடத்தில் 2,400 மீட்டர் ஓடுபவருக்கு அது ஏறத்தாழ 42. ஆனால் உங்களுக்கு அதைவிட நேரடியாக உதவக்கூடியது, அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977இல் ஓர் ஓட்ட இதழில் எழுதி, 1981இல் அறிவியல் கட்டுரையாக விரித்த சூத்திரம். தூரம் இரட்டிக்கும்போது நேரம் சரியாக இரண்டு மடங்காவதில்லை, களைப்பின் பங்கும் சேர்ந்து ஏறத்தாழ 2.085 மடங்காகிறது என்பதே அதன் சாரம். கணக்கில் சொன்னால், இரு தூரங்களின் விகிதத்தை 1.06 என்னும் அடுக்குக்கு உயர்த்திப் பழைய நேரத்தோடு பெருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை விழுப்புரம் சாலைக்குக் கொண்டுவந்தால் கிடைப்பவை இவை. 8 கிலோமீட்டரை 39 நிமிடம் 30 விநாடியில் முடிக்கும் இளைஞர் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் முடிக்கக்கூடிய நிலையில் இருக்கிறார்; 25 வயதைக் கடந்தவருக்கு இதற்கு நிகரானது 10 கிலோமீட்டரில் 50 நிமிடம். அதே இளைஞர் 1500 மீட்டரை 6 நிமிடம் 42 விநாடியில் ஓடக்கூடும் என்பதால், மத்தியப் படைகளின் ஓட்டத்துக்குத் தயாரானவர் மாநிலக் காவலர் ஓட்டத்துக்கும் தயாரானவரே. எதிர்த்திசையில் அப்படி இல்லை: 1500 மீட்டரைச் சரியாக 7 நிமிடத்தில் முடிப்பவருக்கு 5 கிலோமீட்டர் 25 நிமிடத்துக்கு மேல் ஆகும். 5 கிலோமீட்டர் பிரிவில் ஓடும் பெண்களுள் 28 நிமிடம் 26 விநாடிக்குள் வருபவர், 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்தில் முடிக்கும் தகுதியை எட்டியவர் ஆவார். அக்னிவீர் தேர்வின் முழு மதிப்பெண்ணுக்குரிய 5 நிமிடம் 30 விநாடியோ 5 கிலோமீட்டரில் 18 நிமிடம் 24 விநாடிக்கு நிகரானது. இது மாவட்ட அளவில் பேர் சொல்லும் ஓட்டக்காரரின் நேரம். 24 நிமிடத்தில் நிற்கும் ஒருவர் இரண்டு மாதப் பயிற்சியில் அதை எட்டிவிடலாம் என்று எவரேனும் வாக்குறுதி தந்தால் அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம் என்று இம்மடல் வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறது.

சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. மூன்றரை நிமிடத்துக்கும் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கும் இடைப்பட்ட ஓட்டங்களுக்கே ரீகல் அதை வகுத்தார். ஆகவே பெண் காவலர் தேர்வின் 400 மீட்டருக்கோ, ஆண்களின் திறன் போட்டியில் வரும் 100, 400 மீட்டர் ஓட்டங்களுக்கோ அதைப் பொருத்திப் பார்ப்பது தவறு. அவற்றுக்கு வேண்டிய விரைவைச் சாலையோட்டம் அளப்பதில்லை. நீண்ட தூரம் ஓடியே பழகாதவருடைய 8 கிலோமீட்டர் நேரம், அவருடைய 1500 மீட்டர்த் திறனைக் குறைத்துக் காட்டவும் கூடும். அத்தகையவர் அந்தக் குறைவைப் பிழையாகக் கருதாமல், தன் பயிற்சியில் எது விடுபட்டிருக்கிறது என்பதற்கான தகவலாகக் கொள்வதே தகும்.

இவ்வளவும் பாதையின் நீளம் சரியாக இருந்தால்தான் செல்லும். 8 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்ட பாதை உண்மையில் 7.8 கிலோமீட்டராக இருந்து, அதில் ஒருவர் 39 நிமிடம் 30 விநாடி எடுத்தால், அவருடைய உண்மையான 5 கிலோமீட்டர்த் தகுதி 24 நிமிடம் அன்று, 24 நிமிடம் 39 விநாடி. இருநூறு மீட்டர்க் குறைவு, தேறிவிட்டோம் என்ற தவறான நம்பிக்கையைத் தந்து, முகாமில் திருப்பி அனுப்பவைக்கும். மோட்டார் சைக்கிளின் தூரங்காட்டியும் கைப்பேசிச் செயலியும் இந்த நுட்பத்துக்குப் போதா. மரநிழலிலும் திருப்பங்களிலும் செயற்கைக்கோள் வழி அளவு முன்பின்னாக விலகும்.

உலகெங்கும் சாலையோட்டப் பாதைகள் இன்றும் சைக்கிளைக் கொண்டே அளக்கப்படுகின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். முன்சக்கரத்தின் அச்சில் பொருத்தப்படும், ஜோன்ஸ் எண்ணி என்று பெயர்பெற்ற சிறு கருவி சக்கரம் சுழல்வதை நுட்பமாக எண்ணும். அளப்பவர் முதலில் எஃகு நாடாவால் 300 மீட்டருக்குக் குறையாத நேரான சாலைத் துண்டு ஒன்றை அளந்து, அதன்மேல் நான்கு முறை சைக்கிளை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று கண்டுகொள்வார். பிறகு போட்டிப் பாதை முழுவதையும், ஓடுபவர் செல்லக்கூடிய மிகக் குறுகிய தடத்தில், வளைவின் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டிச்செல்வார். வெயில் ஏறினால் டயரின் காற்று விரிந்து சக்கரத்தின் சுற்றளவு மாறும் என்பதால், அளவு முடிந்ததும் பழைய 300 மீட்டரில் மீண்டும் ஓட்டிச் சரிபார்ப்பார். பாதை எக்காரணத்தாலும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியே கோடு போடப்படும். மேற்சொன்ன பீட்டர் ரீகலே இந்த அளவைத் துறையிலும் நெடுங்காலம் உழைத்தவர். தூரம் பொய்யானால் நேரமும் பொய் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் சிலரே. கருவி இல்லாவிட்டாலும் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரும் நான்கு மாணவர்களும் ஒரு ஞாயிறு காலையில் இதன் எளிய வடிவத்தைச் செய்துவிடலாம். சக்கரத்தின் ஓர் ஆரக்கம்பியில் துணி கட்டி, அளந்த 300 மீட்டரில் அது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டால் போதும். 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் 8 கிலோமீட்டரில் ஏறத்தாழ 3,810 முறை சுற்றும். சுற்றளவை ஒரு சென்டிமீட்டர் பிசகி எடுத்தாலும் முடிவில் 38 மீட்டர்தான் மாறும்.

பாதைக்கு அடுத்தபடியாக நேரத்தை மாற்றுவது வானிலை. உழைக்கும் தசைகள் வெளியிடும் வெப்பத்தை வியர்வை உலர்வதன் வழியாகவே உடல் பெருமளவு வெளியேற்றுகிறது. கடலை ஒட்டிய மரக்காணத்திலிருந்து வீசும் ஈரக்காற்று திண்டிவனம்வரை காற்றை நிரப்பியிருக்கும் செப்டம்பர், அக்டோபர் காலைகளில் வியர்வை உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். தோலைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பங்கு திருப்பிவிடப்படுவதால் தசைகளுக்குச் செல்லும் பங்கு குறைகிறது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. வெப்பநிலை, ஈரப்பதம், வெயில், காற்று ஆகிய நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்ற அளவை பெரிய போட்டிகளின் மருத்துவக் குழுக்கள் பின்பற்றுகின்றன. அந்தக் கருவி இல்லாத இடத்தில், ஓட்டம் தொடங்கிய நேரத்தையும் காற்றின் புழுக்கத்தையும் நேரத்தோடு சேர்த்து எழுதிவைத்தால்கூட, ஜனவரியில் எடுத்த நேரத்தையும் அக்டோபரில் எடுத்த நேரத்தையும் ஒப்பிட்டு வீணாக வருந்துவதைத் தவிர்க்கலாம். காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம் விருந்தினர் வருகைக்காக ஏழரைக்குத் தள்ளிப்போனால், கடைசியில் வருபவர் முழு வெயிலில் ஓடுகிறார். அமைப்பாளர்கள் குறித்த நேரத்தில் தொடங்குவது மரியாதை சார்ந்த செயல் மட்டுமன்று, பாதுகாப்பு சார்ந்ததும் ஆகும். வடகிழக்குப் பருவமழையையும் மறந்துவிடக் கூடாது; 2024 டிசம்பர் முதல் நாள் பதிவான கணக்குப்படி ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரளவு மழை கொட்டியது. ஆண்டிறுதித் தேர்வுக்கான அளவையோட்டத்தை நவம்பருக்கு ஒத்திப்போடுபவர் அதை இழக்கவும் நேரும்.

போட்டியன்று ஓட வேண்டிய விதம் ஒன்றே: தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீரான வேகம். 39 நிமிடம் 30 விநாடியை இலக்காகக் கொண்டவருக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் 4 நிமிடம் 56 விநாடியில் முடிய வேண்டும். தொடக்கக் கோட்டில் கூட்டம் பாய்ந்தோடும்போது அதனோடு சேர்ந்து முதல் கிலோமீட்டரை 4 நிமிடம் 20 விநாடியில் கடந்துவிடுபவர், மிச்சப்படுத்திய அரை நிமிடத்துக்குப் பதிலாக ஆறாம், ஏழாம் கிலோமீட்டர்களில் இரண்டு நிமிடத்தை இழப்பார். லாக்டேட் எல்லையை அவர் முன்கூட்டியே தாண்டிவிட்டதே காரணம். அவ்வாறு ஓடிய நேரம் அவருடைய உடல்தகுதியை அளப்பதில்லை, அவசரத்தையே அளக்கிறது. முதல் கிலோமீட்டரில் பலர் முந்திச் செல்வதைப் பார்த்துக்கொண்டு தன் வேகத்தில் நிற்பது கடினம்தான். எனினும் கற்றுக்கொள்ளக்கூடிய திறன் அது, அதை ஆள்சேர்ப்பு முகாமுக்கு முன்பே கற்றுக்கொள்ள உள்ளூர்ப் போட்டியைவிட நல்ல இடம் இல்லை. போட்டிக்கு முந்தைய நான்கைந்து நாட்களில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதும், புதிதாக வாங்கிய காலணியை அன்று முதன்முதலாக அணியாமல் இருப்பதும், பழக்கமில்லாத உணவையும் சத்துப் பானங்களையும் தவிர்ப்பதும் அளவைத் தூய்மையாக வைத்திருக்கும்.

கிடைத்த நேரத்தை என்ன செய்வது என்பதில்தான் இந்த முயற்சியின் பயன் முழுவதும் உள்ளது. போட்டி வேகம் தெரிந்துவிட்டால் பயிற்சி வேகங்கள் அதிலிருந்தே பிறக்கும். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 56 விநாடியில் 8 கிலோமீட்டர் ஓடியவர், தன் அன்றாட ஓட்டத்தின் பெரும்பகுதியைப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய, கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தை ஒட்டிய மென்வேகத்தில் வைத்துக்கொள்ளலாம். இதயத்தையும் நுண்குழாய்களையும் வளர்ப்பது இந்த மெதுவான ஓட்டமே. வாரத்தில் ஒருநாள் கிலோமீட்டருக்கு 5 நிமிடத்தை ஒட்டிய வேகத்தில் 20 நிமிடம் தொடர்ந்து ஓடினால் லாக்டேட் எல்லை உயரும். இன்னொரு நாள் 400 மீட்டர்ச் சுற்றுகளை ஒன்றே முக்கால் நிமிடத்தை ஒட்டி, இடையில் மெல்ல நடந்தும் ஓடியும் மூச்சைச் சரிசெய்துகொண்டு, ஆறேழு முறை ஓடினால் 1500 மீட்டருக்கு வேண்டிய விரைவு கூடும். 7 நிமிடத் தகுதிக்குச் சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி போதும் என்பதால், அதைவிடச் சற்று விரைவாகப் பழகியவருக்குத் தேர்வு நாள் வேகம் அச்சம் தராது. ஆறு முதல் எட்டு வாரங்கள் இவ்வாறு பயின்றபின் மீண்டும் அளந்து பார்க்கலாம். அதற்கு முன் அளப்பதால் புதிதாக எதுவும் தெரியவராது.

நேரத்தைக் கணக்கிடுவதையே ஏற்காத ஓட்டமும் இதே மாவட்டத்தில் உண்டு. வானூர் வட்டத்தில் உள்ள ஆரோவில்லில் 2008இல் தொடங்கி, பிப்ரவரி மாதத்தை ஒட்டி நடந்துவரும் மாரத்தானில் வென்றவர், தோற்றவர் என்ற பேச்சில்லை, பரிசும் இல்லை. செம்மண் காட்டுப்பாதையில் ஓடும் மகிழ்ச்சியே அதன் நோக்கமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த நோக்கம் மதிக்கத்தக்கது. வேலை கிடைத்தபின் ஓட்டத்தை அடியோடு விட்டுவிடும் வழக்கத்தை எண்ணிப்பார்த்தால், மகிழ்ச்சிக்காக ஓடப் பழகியவரே நாற்பது வயதிலும் ஓடிக்கொண்டிருப்பார் என்று கருத இடமுண்டு. ஆனால் தேர்வுக்குரிய தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடந்தோம் என்ற கேள்வியில் ஒரு குடும்பத்தின் வருவாய் அடங்கியிருக்கும் இளைஞரிடம், நேரத்தைப் பார்க்காதே என்று சொல்வது பொருந்தாது. இரண்டு வகை ஓட்டத்துக்கும் அவரவர் ஆண்டில் இடம் இருக்கலாம். ஒன்றை மற்றொன்றாக மயங்காமல் இருந்தால் போதும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருங்கச் சொல்ல முடியாது. சென்னையையும் திருச்சியையும் இணைக்கும் நான்குவழிச் சாலை திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் வழியாகச் செல்வதால், அகலமான அதன் ஓரங்களைப் பயிற்சிக்களமாகக் கொள்ளும் ஆசை எழுகிறது. விடியலுக்கு முன்பு இரவு முழுதும் வண்டியோட்டிய கண்கள் அச்சாலையில் வருகின்றன. அங்கே ஓடுவது எந்த நேரத்திலும் கூடாது. போலீஸ் பாதுகாப்புடன் போக்குவரத்து திருப்பிவிடப்படும் போட்டிப் பாதையும், ஊருக்குள் உள்ள திடலும், ஏரிக்கரையுமே தக்கவை. ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ மயக்கமோ எப்போதேனும் வந்தவர், குடும்பத்தில் இளவயதில் திடீர் இதய மரணம் நேர்ந்தவர், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர் ஆகியோர் மருத்துவரைப் பார்க்காமல் போட்டியில் இறங்கக் கூடாது. டெங்கு, சிக்குன்குனியா முதலிய காய்ச்சல்களிலிருந்து எழுந்தவர் முழு வலிமை திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். ஓட்டத்துக்கு முன் வலிமாத்திரை போட்டுக்கொள்வதும், விரைவுக்கென்று யாரோ தரும் ஊசியையும் பொடியையும் ஏற்பதும் உடலைக் கெடுப்பதோடு அளவையும் பொய்யாக்கும். ஓடுபவர் ஒருவர் உளறத் தொடங்கினாலோ, தள்ளாடினாலோ, தோல் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கின் அறிகுறி. உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தபடியே 108ஐ அழைக்க வேண்டும்.

பெண்களைக் குறித்துத் தனியே ஒரு சொல் தேவை. அவர்களுள் பலருக்கு விடியற்காலைத் திடல் திறந்திருந்தும் எட்டாத இடமாகவே இருக்கிறது. விளக்கில்லாத பாதையும், கழிப்பறையில்லாத திடலும், ஓரத்தில் நின்று பேசும் பேச்சும் அவர்களை வீட்டு மாடியிலும் தெருமுனையிலும் ஓடவைக்கின்றன. தடையின்றி, காவலர் துணையுடன், 5 கிலோமீட்டர் சாலையை முழு வேகத்தில் ஓடிப் பார்க்க அவர்களுக்குக் கிடைக்கும் அரிய வாய்ப்புகளுள் ஒன்று மாவட்டப் போட்டி. கல்லூரிகளின் உடற்கல்வித் துறைகள் தம் அணியில் உள்ள இருவர் மூவரை மட்டும் அழைத்துச்செல்லாமல், தேர்வுக்குப் பயிலும் பெண்கள் அனைவரையும், படிப்பை முடித்துத் திருமணமானவர்களையும் சேர்த்து அழைத்துச்செல்ல வேண்டும் என்பது இம்மடலின் வலுவான வேண்டுகோள்.

உடற்கல்வி ஆசிரியர்களிடம் கேட்பதற்கு இன்னும் ஒன்று உள்ளது. இறுதிக் கோட்டில் ஒரு கடிகாரம், ஒரு நோட்டு, இரண்டு மாணவர்கள் இருந்தால் வருபவர் அனைவருடைய நேரத்தையும் எழுதிவிடலாம். ஒருவர் மார்பு எண்ணை வந்த வரிசையில் உரக்கச் சொல்ல, மற்றவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே போவது பழைய முறைதான், சிப் பொருத்திய போட்டிகள் வருவதற்கு முன் உலகம் முழுவதும் இப்படித்தான் நடந்தது. அந்தப் பட்டியலை மறுநாள் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும், முதல் பத்துப் பேரோடு நிறுத்திவிடாமல் கடைசி ஆள்வரை வெளியிட்டால், நூற்றுக்கணக்கானோருக்கு அடுத்த இரண்டு மாதப் பயிற்சிக்கான தொடக்கப் புள்ளி கிடைத்துவிடும். அடுத்த போட்டி அறிவிக்கப்பட்டதும் பதிவுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் வயதுச் சான்று, ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தக நகல் ஆகியவற்றை இப்போதே ஓர் உறையில் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. கடைசி நாளில் ஜெராக்ஸ் கடை தேடி அலைந்து பதிவைத் தவறவிடுபவர்களும் அந்தப் பதினொன்றாம் இடத்துக்குப் பிற்பட்டவர்களாகவே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஓட்டத்தில் அக்கறை கொண்டோர்